கன்ட்ரி மியூசிக்: நாட்டுப்புற இசையா, ஊர்ப்பாட்டா?

அமெரிக்க இசைவகையான 'கன்ட்ரி மியூசிக்' என்ற சொல் வந்தால் கையோடு 'நாட்டுப்புற இசை' என்று தமிழில் எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. எனக்கு அது உறுத்துகிறது. நாட்டுப்புற இசை என்றதும் நம் காதில் ஒலிப்பவை நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு. கட்டியவர் பெயர் தெரியாது. இன்னாருக்குச் சொந்தம் என்றும் கிடையாது. கன்ட்ரி இசையோ இசைத்தட்டும் வானொலியும் பெற்ற பிள்ளை. அதில் பாடலாசிரியர் உண்டு, பதிப்புரிமை உண்டு, விற்பனைப் பட்டியல் உண்டு.

முதலில் 'கன்ட்ரி'. இலத்தீனில் 'கான்ட்ரா' என்றால் எதிர். 'கான்ட்ராட்டா' என்றால் கண்ணெதிரே விரிந்து கிடக்கும் நிலம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, முதலில் நிலப்பகுதியையும் பிறகு தேசத்தையும் நகரத்துக்கு வெளியே உள்ள ஊர்ப்பக்கத்தையும் குறித்தது. நம் 'நாடு' நடந்த பாதையும் ஏறக்குறைய இதுதான். 'காடு கொன்று நாடாக்கி' என்று பட்டினப்பாலை சொல்லும்போது நாடு என்பது மக்கள் குடியேறித் திருத்திய நிலம். இன்று நாடு என்றால் முதலில் தேசம்தான் நினைவுக்கு வருகிறது. பழைய பொருள் நாட்டுப்புறத்திலும், உள்ளூர் வகை என்ற சாயலோடு நாட்டுக்கோழியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த இசைக்கு முதலில் வழங்கிய பெயர் கன்ட்ரி அல்ல. 1923 ஜூனில் அட்லாண்டாவில் ஃபிடில் (வயலின்) வாசிக்கும் ஜான் கார்சன் 'ஓகே' என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிய இசைத்தட்டு விற்றுத் தீர்ந்த பிறகுதான், அமெரிக்காவின் தெற்கத்தி மலைக்காரர்களின் பாட்டுக்குச் சந்தை இருப்பதே நிறுவனங்களுக்குத் தெரிந்தது. சிலர் 'பழைய காலத்துப் பாட்டு' என்று விற்றார்கள். 1925இல் ஆல் ஹாப்கின்ஸின் இசைக்குழுவுக்கு 'ஹில் பில்லீஸ்' என்று பெயர் விழ, அதுவே இசைக்கும் ஒட்டிக்கொண்டது. ஹில்பில்லி என்றால் மலையில் கிடக்கும் பட்டிக்காட்டான். பாடுகிறவர்கள் பலருக்கு அந்தப் பெயர் கசந்தது. அமெரிக்க இசைத்துறை இதழான பில்போர்டு 1949இல் இந்த இசைக்கான தன் பட்டியலுக்கு 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று பெயர் வைத்தது. 1962இல் 'வெஸ்டர்ன்' கழன்று 'கன்ட்ரி' மட்டும் நின்றது. ஆக, 'கன்ட்ரி' என்பது ஒரு வசைச்சொல்லை இறக்கி வைத்துவிட்டு ஏற்றுக்கொண்ட கௌரவமான பெயர்.

மலைப்பாட்டு எந்த இடத்தில் கன்ட்ரி ஆகிறது என்று பார்க்க கார்ட்டர் குடும்பத்தைவிட நல்ல சான்று இல்லை. வர்ஜீனியாவின் கிளிஞ்ச் மலையடிவாரத்தைச் சேர்ந்தவர் ஏ.பி. கார்ட்டர். 1927 ஆகஸ்டில் மனைவி சாராவையும் தம்பி மனைவி மேபெல்லையும் அழைத்துக்கொண்டு பிரிஸ்டல் நகருக்குப் போய், விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் நடத்திய பதிவில் பாடினார். மேபெல் கட்டைவிரலால் கிட்டாரின் கனத்த தந்திகளில் மெட்டை எடுப்பார். மற்ற விரல் மெல்லிய தந்திகளை வருடித் தாளம் கொடுக்கும். ஒரே கிட்டாரில் இரண்டு ஆள் வேலை. அதன்பின் ஏ.பி. ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்தார். லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர் கூடவே போய் மெட்டுகளை மனதில் வாங்கிவந்தார். ஏ.பி. வார்த்தைகளை எழுதிக்கொண்டு, கூட்டியும் குறைத்தும், தன் பெயரில் பதிப்புரிமை வாங்கினார். அடுப்படியிலும் திண்ணையிலும் பாடப்பட்டவரை அது நாட்டுப்புறப் பாட்டு. பெயரும் உரிமையும் ஏறி இசைத்தட்டில் வந்த பிறகு கன்ட்ரி. 'நாட்டுப்புற இசை' என்று மொழிபெயர்த்தால் இந்தப் படி காணாமல் போகிறது. ரிடில் போன்றவர்களுக்கு அந்தப் பதிப்புரிமையில் பெயர் இல்லை என்ற கதையும் சேர்ந்தே மறைகிறது.

ஏ.பி.யின் மகள் ஜேனட் கார்ட்டர் 1923இல் பிறந்தவர். சிறுமியாகவே குடும்பத்தோடு வானொலியில் பாடினார். 1960இல் இறப்பதற்கு முன் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: இந்தப் பாட்டு நின்றுவிடக் கூடாது. ஜேனட் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தவர். 1974இல், ஐம்பது வயதைத் தாண்டியபின், அப்பாவின் பழைய மளிகைக்கடையிலேயே பாட்டு நிகழ்ச்சி தொடங்கினார். கடை கொள்ளாத கூட்டம் வரவே, 1976இல் தம்பி ஜோ பக்கத்திலேயே கொட்டகை எழுப்பினார். அதுதான் கார்ட்டர் ஃபோல்ட். சனிக்கிழமை இரவுதோறும் கச்சேரி. மின்கருவி கூடாது, மது கூடாது. மேடைக்கு முன்னால் யாரும் இறங்கி ஆடலாம். ஜேனட் வாசித்தது ஆட்டோஹார்ப் என்ற தந்திக்கருவி. தந்திகளுக்கு மேலே குறுக்காக உள்ள கட்டையை அழுத்தினால் அதன் அடியிலுள்ள கம்பளித்துணி வேண்டாத தந்திகளை அமுக்கிவிடும். மிச்சத் தந்திகள் சேர்ந்து ஒலிக்கும்.

மின்கருவி விதியில் விலக்குப் பெற்றவர் புகழ்பெற்ற கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ். அவர் மனைவி ஜூன், மேபெல்லின் மகள். ஜேனட் ஜூனுக்குப் பெரியப்பா மகள். கேஷின் மனைவி 2003 மே மாதம் இறந்தார். அதே ஆண்டு ஜூலை 5 அன்று கேஷ் கடைசியாக மேடையேறிப் பாடியது இந்தக் கொட்டகையில்தான். 2005இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை அமைப்பு ஜேனட்டுக்குப் பாரம்பரியக் கலைக்கான விருது வழங்கியது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர் இறந்தார்.

இசைத்தட்டுக்காக மலையைவிட்டு இறங்கிய பாட்டை, முப்பது ஆண்டுக்கும் மேலாக மறுபடி அதே ஊரில் உட்காரவைத்துப் பாடவைத்தவர் ஜேனட். அவர் வாழ்க்கையைப் பார்த்துத்தான் 'ஊர்ப்பாட்டு' என்ற சொல் எனக்குப் பொருந்தி வந்தது. ஊர் என்பதில் ஆங்கிலச் சொல்லின் இரு பக்கமும் இருக்கிறது: பட்டணத்துக்கு வெளியே என்பதும், என் சொந்த இடம் என்பதும். பொங்கலுக்கு 'ஊருக்குப் போறேன்' என்று பேருந்துக்கு நிற்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் தெம்மாங்கோடு குழம்பிவிடாமல் இருக்க, முதல் முறை 'அமெரிக்க ஊர்ப்பாட்டு' என்றும் பிறகு வெறும் 'ஊர்ப்பாட்டு' என்றும் எழுதலாம். கிட்டார், ஃபிடில், பாஞ்சோ, ஆட்டோஹார்ப் மட்டும் வைத்துப் பாடும் பழைய பாணிக்கு 'மரபு ஊர்ப்பாட்டு'. கன்ட்ரி இசைத்துறையின் தலைநகரான நாஷ்வில்லில் இன்று டிரம்ஸும் மின்கிட்டாரும் சேர்த்துத் தயாராவதை 'கன்ட்ரி பாப்' என்றே விட்டுவிடலாம்.