இரண்டு வண்டி, நடுவே மூன்று விநாடி

கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பைக்கில் மலையேறுகிறார்கள். ஒருவருக்குப் பல வருட அனுபவம். இன்னொருவர் இப்போதுதான் லைசென்ஸ் வாங்கியவர். மேலே போய் வண்டியை நிறுத்தியதும் அநேகமாக இந்தப் பேச்சு வரும்: "ஒவ்வொரு வளைவுலயும் என்னை விட்டுட்டுப் போயிட்டீங்க." "நான் எங்கே விட்டுட்டுப் போனேன்? மெதுவாத்தானே ஓட்டினேன்!" இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். எப்படி என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறும் சாலையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் நடுவே சரியாக 2 விநாடி இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்குள் வேகம் மணிக்கு 20 கி.மீ., அதாவது விநாடிக்கு ஐந்தரை மீட்டர். அப்போது 2 விநாடி என்பது 11 மீட்டர். வளைவு முடிந்து நேர்ச் சாலையில் 40 கி.மீ. போனால் அதே 2 விநாடி 22 மீட்டர் ஆகிவிடும். யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை. நேரக் கணக்கில் ஒரு இம்மியும் மாறவில்லை. ஆனால் கண் விநாடியை அளப்பதில்லை, மீட்டரைத்தான் அளக்கிறது. முன்னால் போகிற வண்டி சட்டென்று பாதியாகச் சுருங்குவதைப் பார்த்ததும் புதியவரின் கை தானாக ஆக்சிலேட்டரை முறுக்குகிறது. அந்த நேரத்தில் அவர் இன்னும் வளைவுக்குள்தான் இருக்கிறார்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வளைவில் வண்டி எவ்வளவு சாய வேண்டும் என்பது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவை 20 கி.மீ. வேகத்தில் கடக்க ஏறக்குறைய 17 டிகிரி சாய்ந்தால் போதும். அதையே 30 கி.மீ. வேகத்தில் கடக்க 35 டிகிரி வேண்டும். வேகம் ஒன்றரை மடங்குதான் ஆனது, சாய்வு இரண்டு மடங்கு ஆகிவிட்டது. பழகாத உடம்பு அவ்வளவு சாய ஒப்புக்கொள்ளாது. சாயாத வண்டி வட்டத்தை விட்டு வெளியே ஓடும். இடப்பக்க வளைவாக இருந்தால் 'வெளியே' என்பது எதிரே பஸ் இறங்கி வருகிற பாதை.

இதோடு கண்ணும் சேர்ந்துகொள்கிறது. பைக் கண் போகிற பக்கம் போகும் என்று ஓட்டுகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். வளைவில் பார்க்க வேண்டியது வளைவு முடியும் இடத்தை. ஆனால் புதியவரின் கண் முன்வண்டியின் சிவப்பு விளக்கில் ஒட்டிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் அந்த விளக்கு நம் தலைக்கு மேலே, நாம் போகும் திசைக்கு நேர் எதிராகப் போய்க்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் தன் டயருக்கு முன்னால் கிடக்கிற மணல் தெரியாது.

சரி, பின்னால் வருகிறவர் என்ன செய்ய வேண்டும்? முன்வண்டி எந்த நேரத்தில் வேகம் எடுத்தது என்று பார்க்காமல், எந்த இடத்தில் எடுத்தது என்று பார்க்க வேண்டும். அந்த மரத்தடியில் அவர் முறுக்கினால், நாமும் அந்த மரத்தடிக்கு வந்த பிறகே முறுக்க வேண்டும்.

இப்போது முன்னால் போகிறவரின் கணக்கு. புதியவர் அதே வளைவை 20-க்குப் பதில் 15 கி.மீ. வேகத்தில் எடுத்தால் ஒரு வளைவுக்கு ஏறக்குறைய 1.9 விநாடி பிந்துவார். பெரிதாகத் தெரியாது. 14 வளைவுக்கும் கூட்டினால் 26 விநாடி, 40 கி.மீ. வேகத்தில் அது கிட்டத்தட்ட 290 மீட்டர். அந்தப் பாக்கியை யார் அடைப்பது? புதியவர் துரத்தி அடைக்கக் கூடாது. முன்னால் போகிறவர்தான் ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும், பின்வண்டியின் முகப்பு விளக்கு கண்ணாடியில் தெரியும்வரை வேகம் எடுக்காமல் போக வேண்டும். 2017 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் வரும் புது இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு பகலிலும் எரிவது இதற்கு நல்ல வசதி. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: பெரும்பாலான பைக் கண்ணாடிகள் குவிந்தவை, எதையும் சிறிதாக்கித் தள்ளிக் காட்டும். தெரிவதைவிட அவர் பக்கத்தில்தான் இருக்கிறார்.

வேகம் குறைக்கும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். அனுபவசாலி பாதி நேரம் பிரேக்கையே தொடமாட்டார். ஆக்சிலேட்டரை விட்டு, ஒரு கியர் குறைத்து, இஞ்சினை வைத்தே வேகத்தை அடக்குவார். பல வருடப் பழக்கத்தில் வருகிற அழகான ஓட்டம் அது. ஆனால் பிரேக்கைத் தொடாததால் பின்னால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரியாது. பின்னால் வருகிறவருக்கு ஒரே அறிகுறி, முன்வண்டியின் உருவம் பெரிதாவதுதான். பைக்கோ காரைவிட மிகவும் ஒடுங்கியது. நெருங்கிவிட்ட பிறகே பெரிதாவது கண்ணுக்கு உறைக்கும். ஆகவே வேகம் குறைக்கும் ஒவ்வொரு முறையும், தேவையில்லாவிட்டாலும், விளக்கு எரியுமளவு பிரேக் லீவரை லேசாகத் தொட வேண்டும். துணைக்குச் செய்யும் பெரிய உதவி இது.

நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது 2 விநாடி என்பது 33 மீட்டர். பொதுவாகச் சொல்லப்படும் அளவு இதுதான். புதியவருக்கு இது போதாது என்றே நான் சொல்வேன். முன், பின் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவர், காய்ந்த சாலையில் சுமார் 20 மீட்டரில் நிறுத்துவார். புதியவர் பெரும்பாலும் பின் பிரேக்கை மட்டும் மிதிப்பார். அமெரிக்காவில் 1981-இல் வெளியான, ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் அறிக்கை, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்திலேயே ஆராய்ந்தது. பெரும்பாலானவர்கள் பின்சக்கரத்தை அதிகமாகப் பிடித்து வழுக்கவிட்டதையும், முன் பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்தாததையும் அது பதிவு செய்தது. பிரேக் பிடித்ததும் பாரத்தில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது, பின்சக்கரத்தின் பிடி தளர்கிறது. அதனால் பின் பிரேக்கை மட்டும் நம்பினால் 20 மீட்டர் 40 ஆகும். சுதாரித்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி, அதற்குள் 25 மீட்டர். மொத்தம் 65. முன்னவரின் 20-ஐக் கழித்தால் 45 மீட்டர் இடைவெளி வேண்டும், இருப்பதோ 33. மூன்று விநாடி விட்டால் 50 மீட்டர் கிடைக்கும்.

அளப்பது சுலபம். முன்வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் கல்லைத் தாண்டினால் நெருக்கமாகப் போகிறீர்கள்.

யார் முன்னால் போவது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. என் கருத்து: நெடுஞ்சாலையில் அனுபவசாலி முன்னால் போகட்டும்; லாரியை எங்கே தாண்டலாம், எங்கே கூடாது என்று காட்டிக்கொண்டே போகலாம். மலையேறும்போது புதியவரை முன்னால் விட வேண்டும். துரத்த ஆளே இல்லையென்றால் வளைவுக்குள் முறுக்கும் ஆசையும் வராது, கண்ணும் சாலைக்கே போகும். ஆனால் பின்னால் வருகிற அனுபவசாலி ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. கண்ணாடி நிறைய ஒரு விளக்கு தெரிந்தால் அதுவும் விரட்டுவதுதான். அந்த மூன்று விநாடி அவருக்கும் உண்டு.