பேட்டரியை மாற்றும் முன் எர்த் ஒயரைப் பாருங்கள்

செல்ஃப் சரியாக இழுக்கவில்லை என்றால் பழி முதலில் பேட்டரி மேல்தான் விழுகிறது. புதுப் பேட்டரி போட்டதும் கொஞ்ச நாள் வண்டி சமாளிக்கும், அப்புறம் மறுபடி அதே முனகல். இப்படி வரும் வண்டிகளில் நான் முதலில் தேடுவது எர்த் ஒயரைத்தான். நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழுதை அப்படியே விட்டுவைப்பதைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை.

பாசிட்டிவிலிருந்து கிளம்பும் கரண்ட் செல்ஃப் மோட்டார், ஹெட்லைட், ஹார்ன் என்று எங்கே போனாலும் நெகட்டிவுக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். திரும்பும் வழி, வண்டியின் பாடியும் இன்ஜினும். ஆனால் இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால்தான் இன்ஜினிலிருந்து பாடிக்கோ பேட்டரிக்கோ தனியாக ஒரு தடித்த ஒயர் அல்லது பின்னிய செம்புப் பட்டை போட்டிருப்பார்கள். கீழே, எளிதில் கண்ணில் படாத இடத்தில் சேறும் எண்ணெயும் படிந்து கிடக்கும். யாரும் தொடுவதில்லை.

செல்ஃப் அடிக்கும்போது 150 ஆம்பியர் ஓடுவது சாதாரணம். டீசல் இன்ஜினில் இன்னும் கூடும். அவ்வளவு கரண்ட் போகும் வழியில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். இதை மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒயரில் நாலைந்து இழை மட்டும் மிச்சமிருந்தாலும் மீட்டர் ஏறக்குறைய ஜீரோதான் காட்டும். லோடு கொடுத்து, அதாவது கரண்டை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பிலும், இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவின் ஈயக் கட்டையிலும் வையுங்கள். கட்டையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேல் வைத்தால், கட்டைக்கும் கிளாம்ப்புக்கும் இடையிலுள்ள பழுது தெரியாமல் போகும். இப்போது ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 0.5-ஐத் தாண்டினால் எர்த்தில் கோளாறு இருக்கிறது.

இன்டிகேட்டர் போட்டால் பின்பக்க லைட்டும் சேர்ந்து மினுக்குவது, செல்ஃப் அடித்ததும் கிளட்ச் கேபிள் சுடுவது, இதெல்லாமும் அதே நோய்தான். எர்த் ஒயர் கைவிட்டால் கரண்ட் கிடைத்த உலோகத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பும். கிளட்ச் கேபிள் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கேபிளின் உறை உருகிய வண்டிகள் உண்டு.

பெரும்பாலும் மருந்து சுத்தம் செய்வதுதான். முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், கடைசியில்தான் மாட்டுங்கள். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போதே பாசிட்டிவைக் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். ஒயர் நுனியில் இருக்கும் உலோக வளையமான லக் உட்காரும் இடத்தில் பெயின்ட், துரு எதுவும் இல்லாமல் உப்புத்தாளால் தேய்த்து, பளிச்சென்று உலோகம் தெரிய வேண்டும். போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே வாஸ்லைனோ கிரீஸோ தடவுங்கள். லக் அருகே உறை உப்பியிருந்தால் அழுத்திப் பாருங்கள். உள்ளே நறநறவென்றிருந்தால் செம்பு பச்சைப் பொடியாகிக்கொண்டிருக்கிறது. அந்த ஒயரை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது தடிமனைக் கூட்டலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. ஒரு மீட்டர் நீளத்தில் 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 150 ஆம்பியரில் சுமார் 0.16 வோல்ட் தின்னும். 25 போட்டால் 0.1 வோல்ட். பெரிய ஆம்ப்ளிஃபையர், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில் பெரியது போட்டவர்களுக்கு அது உண்மையிலேயே தேவை. அப்போது ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் பாசிட்டிவ் ஒயரையும் சேர்த்துப் பாருங்கள். பழைய எர்த் நன்றாக இருக்கும் வண்டியில், மைலேஜ் கூடும், பிக்கப் கூடும் என்று விற்கும் எர்த் ஒயர் செட்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். 0.1 வோல்ட்டைக் காப்பாற்றி இன்ஜினுக்குப் புதுப் பலம் வராது.

வாங்கும்போது ஒரு நுனியைச் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறத்துக்கு உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் கரண்ட் குறைவாகத்தான் கடத்தும். லக்கைச் சரியான கருவியால் நசுக்கிப் பொருத்துங்கள், சுத்தியலால் அடிக்காதீர்கள். இன்ஜின் ஆடும் என்பதால் ஒயரை விறைப்பாகக் கட்டாமல் கொஞ்சம் தளர்வு விடுங்கள். சைலன்சர் குழாய் பக்கம் போகவே வேண்டாம்.

புது மாடல்களில் நெகட்டிவ் கிளாம்ப்பிலேயே ஒரு சிறிய பெட்டி இருக்கும். அது பேட்டரிக்கு வந்துபோகும் கரண்டை அளக்கும் சென்சார். கூடுதல் எர்த்தை நேராகப் பேட்டரிக் கட்டையில் மாட்டினால் அந்தக் கரண்ட் சென்சாரின் கணக்கில் வராது, சார்ஜிங் குளறுபடியாகும். சென்சாரைத் தாண்டி, அதன் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டில்தான் புது ஒயரையும் சேர்க்க வேண்டும். ஹைபிரிட், மின்சார வண்டிகளிலும் 12 வோல்ட் பேட்டரிக்கு இதே பராமரிப்புதான். அதிக வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளை மட்டும் தொடாதீர்கள். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும்.