ஆகுபெயர்: பாம்பனில் 'மூணு ஏத்திட்டாங்க' என்றால் என்ன?

ஐப்பசி, கார்த்திகையில் பாம்பன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் 'மூணு ஏத்திட்டாங்களாம்' என்று யாராவது சொல்வது காதில் விழும். எதில் மூணு என்று உள்ளூரில் யாரும் கேட்க மாட்டார்கள். துறைமுகத்தில் ஏற்றியது மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு. புயலும் கூண்டும் பேச்சிலிருந்து உதிர்ந்துபோய் எண் மட்டும் நிற்கிறது. பள்ளியில் மார்க்குக்காகப் படித்து மறந்த எண்ணலளவை ஆகுபெயர் இதுதான்.

ஆகு + பெயர், வினைத்தொகை. ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திலேயே, வேற்றுமை மயங்கியலில், இந்தச் சொல் இருக்கிறது. ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் சொல்லும் மெட்டனிமி கிரேக்கத்திலிருந்து வந்தது, அதற்கும் 'பெயர் மாற்றம்' என்றுதான் பொருள். அப்புறம் எதற்கு மெட்டனிமிக்குப் புதுசாகத் தமிழ்ச்சொல் செய்கிறார்கள் என்பது எனக்குப் புரிவதே இல்லை.

ஆனால் இரண்டும் ஒரே அளவு கிடையாது, நம்முடையது பெரிய வலை. 'பங்கு தலைக்கு ஐந்நூறு' என்று கரையில் பிரிக்கும்போது தலை என்பது முழு ஆளைக் குறிக்கிறது. அங்கே இதற்கு சினெக்டகி என்று தனிப்பெயர், நமக்கு இது ஆகுபெயருக்குள் ஒரு வகை, சினையாகுபெயர் (சினை என்றால் உறுப்பு). 'காளை வந்தான்' என்பதை அவர்கள் மெட்டஃபர், அதாவது உருவகம், பக்கம் தள்ளிவிடுவார்கள், நாம் அதையும் உவமையாகுபெயர் என்று உள்ளே இழுத்துக்கொள்கிறோம். எனக்கென்னவோ அது வேறு இனமாகத்தான் படுகிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்த அன்று 'ராமேஸ்வரமே கடலுக்குக் கிளம்பிடுச்சு' என்போம். கிளம்புவது மனிதர்கள், வினைமுற்று மட்டும் ஊருக்கு ஏற்றபடி அஃறிணையில் முடிகிறது. காளையோ 'வந்தது' இல்லை, 'வந்தான்'. அங்கே வினை ஆளோடு போய்விடுகிறது, பாருங்கள்.

சரி, எந்தப் பெயரையும் எதற்கும் வைத்துவிடலாமா? முடியாது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இரண்டு கட்டுப்பாடு வைக்கிறது: அந்த இன்னொரு பொருள் 'இயை' பொருளாக, அதாவது தொடர்புள்ளதாக இருக்க வேண்டும், அதோடு 'தொன்முறை'யாக, நெடுநாளாக, அப்படிச் சொல்லி வந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து முண்டு மிளகாயையே எடுத்துக்கொள்ளுங்கள், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ராமநாதபுரம் முண்டுதான். முண்டு என்பது அதன் உருண்டை வடிவத்தைச் சொல்வது, ஆக இது பண்பாகுபெயர். சந்தையில் 'முண்டு என்ன விலை' என்று கேட்டால் கடைக்காரர் மிளகாய்ச் சாக்கைத் திறப்பார். அர்த்தம் ஒன்றுதானே என்று 'உருண்டை என்ன விலை' என்று கேட்டுப் பாருங்கள், எள்ளுருண்டைக்கு அடுத்த கடையைக் கைகாட்டுவார்.