நேவிகேட்டர்: இடங்காட்டியா, வழிகாட்டியா?

கார் முன்கண்ணாடியில் ஒட்டவைத்து, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஒயரைச் செருகி ஓட்டும் அந்தச் சின்னத் திரைக்கு வேலூர் டாக்சி ஸ்டாண்டில் ஒரே பெயர்தான்: ஜிபிஎஸ். விற்கிற கடையில் நேவிகேட்டர். கருவியே போனுக்குள் போய்விட்ட பிறகு பேச்சு இன்னும் சுருங்கி, ‘மேப்பு போட்டுக்கினு வாப்பா’ என்றாகிவிட்டது. தமிழில் எழுத உட்கார்ந்தால் மட்டும் புவியிடங்காட்டி, தடங்காட்டி, வழிசெலுத்தி, வழிகாட்டி என்று சொற்கள் போட்டி போடுகின்றன. எது சரி என்பதைப் பெட்டி செய்யும் வேலையை வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

ஜிபிஎஸ் என்பது பெட்டியின் பெயரே அல்ல. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1973-இல் தொடங்கி, 1978-இல் முதல் செயற்கைக்கோளை ஏவி, 1995-இல் முழுமையாக்கிய அமைப்பின் பெயர் அது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் அந்தக் கோள்களுக்கு உங்கள் கார் காட்பாடியில் நிற்கிறதா, குடியாத்தத்தில் நிற்கிறதா என்று தெரியாது. நீங்கள் அவற்றுக்கு எதையும் அனுப்புவதும் இல்லை. ‘இப்போது மணி இவ்வளவு, நான் இருக்கும் இடம் இது’ என்று அவை ஓயாமல் ஒலிபரப்புகின்றன, அவ்வளவே. சிக்னல் வந்துசேர ஆன நேரத்தைக் கொண்டு ஒவ்வொரு கோளும் எவ்வளவு தொலைவு என்று பெட்டிதான் கணக்குப் போடுகிறது. மூன்று கோள்களின் தூரம் தெரிந்தாலே இடம் கிடைத்துவிடும். ஆனால் பெட்டிக்குள் இருப்பது மலிவான கடிகாரம். ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்து அதில் ஒரு பங்கு பிசகினால்கூட தூரம் 300 மீட்டர் மாறிப்போகும். அந்தப் பிசகைக் கண்டுபிடித்துக் கழிக்கத்தான் நாலாவது கோள்.

ஆக, வானத்திலிருந்து கிடைப்பது இடம் மட்டுமே. வழி வருவது பெட்டிக்குள் ஏற்றிவைத்த வரைபடத்திலிருந்து. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் சொல்லும் குழம்புகிறது.

வேலூர் சத்துவாச்சாரியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தேசிய நெடுஞ்சாலையும் சர்வீஸ் ரோடும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. இடக்கணக்கில் சில மீட்டர் பிசகு எப்போதும் உண்டு. நீங்கள் எந்தச் சாலையில் இருக்கிறீர்கள் என்பதைப் பெட்டி ஊகித்துத்தான் சொல்லும். கீழே ஆட்டோவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருப்பீர்கள். அம்புக்குறி மேலே பெங்களூரு நோக்கிப் பறந்துகொண்டிருக்கும். இது இடத்தில் வரும் தவறு. சென்னையில் உள்ள ஆற்காடு ரோட்டுக்கும் வேலூர் ஆற்காடு ரோட்டுக்கும் வித்தியாசம் பார்க்காமல் வழி போட்டால், அது வரைபடத்திலும் தேடலிலும் வரும் தவறு. கோளைத் திட்டிப் பயனில்லை. 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்தது. இடம் நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும். அதை நிறுத்திய பிறகுதான் கார்மின், டாம்டாம் பெட்டிகள் கார்களில் பெருகின.

இனி சொல்லின் வேர். நேவிகேட் லத்தீனிலிருந்து வந்தது: ‘நாவிஸ்’ கப்பல், ‘அகெரே’ ஓட்டுதல். கப்பலைச் சொல்லும் சம்ஸ்கிருத ‘நௌ’ இதற்கு உறவு. இந்தியா 2016-இல் தன் கோள் அமைப்புக்கு நாவிக் என்று பெயர் வைத்ததும் கப்பலோட்டி என்னும் பொருளில்தான். தமிழில் கப்பலோட்டிக்கு மீகாமன் இருக்கிறது, மாலுமியும் இருக்கிறது. மாலுமி, ஆசிரியரைக் குறிக்கும் அரபுச் சொல்லான ‘முஅல்லிம்’ மருவியது. ஆனால் கப்பலோட்டி சுக்கான் பிடிப்பவர். கார்ப் பெட்டி ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை. அதனால் ‘வழிசெலுத்தி’ எனக்கு ஒப்பவில்லை. செலுத்துகிறவர் டிரைவர் அண்ணன்தானே!

தரைவழிக்கு நம்மிடம் பழைய சொல்லே உண்டு: ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. அதில் ஒருவரைப் படுத்துவது, அதாவது சேர்ப்பது. இந்த வகைச் சங்கப் பாட்டுகளுள் மலைபடுகடாம் பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்குச் சொந்தப் பாட்டு. செங்கத்துச் சிற்றரசன் நன்னனிடம் போகும் கூத்தருக்கு வழி சொல்வது. சேயாறும் அதில் வருகிறது. எங்கே பன்றிக்கு வைத்த பொறி, எங்கே தினைப்புனத்துக் கவண்கல் என்று சொல்லிக்கொண்டே போகும். வழி பிரியும் இடத்தில் பின்னால் வரும் புதியவருக்காகப் புல்லை முடிந்து அடையாளம் வைக்கவும் சொல்கிறது. இன்றைய எந்தப் பெட்டியும் இவ்வளவு அக்கறையாகச் சொல்வதில்லை. இருந்தாலும் ‘ஆற்றுப்படுத்தி’ என்று பெயர் வைத்தால் பாலாற்றங்கரையில் யாருக்கும் நீர்தான் நினைவுக்கு வரும். ஆற்றுப்படுத்துநர் என்பதை மனநல ஆலோசகருக்கும் கொடுத்தாயிற்று.

என் கணக்கு இது. கோள்களை வைத்து இடம் சொல்லும் பகுதிக்கு இடங்காட்டி. அதோடு வரைபடமும் குரலும் சேர்ந்த முழுப் பெட்டிக்கு வழிகாட்டி. சுற்றுலா வழிகாட்டியோடு குழம்பும் என்றால் கார் வழிகாட்டி. ‘புவி’ வேண்டியதில்லை, கார் வேறெங்கே போகப்போகிறது? கைகாட்டி, மைல்கல் என்று சாலையோரம் ஏற்கெனவே இருக்கும் சொற்களோடு இது இயல்பாகச் சேரும்.

இந்தப் பிரிவினை ஏட்டுக்கு மட்டும் அல்ல. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் ஏறும்போது, ‘டவர் இல்ல, ஜிபிஎஸ் போச்சு’ என்பார்கள். போனது ஜிபிஎஸ் அல்ல. இடங்காட்டிக்கு இணையம் தேவையில்லை, வானம் தெரிந்தால் போதும். அப்போதும் நீலப்புள்ளி நகர்ந்துகொண்டுதான் இருக்கும். அதன் அடியில் வரவேண்டிய வரைபடம்தான் வரவில்லை. பழைய பெட்டிகள் வரைபடத்தை உள்ளேயே வைத்திருந்தன. போனில் போகிறவர்கள் மலை ஏறும் முன் போளூரிலோ அணைக்கட்டிலோ நிறுத்தி, அந்தப் பகுதி மேப்பை டவுன்லோடு செய்துகொள்ள வேண்டும்.