மழை விட்ட பிறகுதான் சால்மன் கவ்வும்

சால்மன் மீன் பிடிப்பவர்கள் மழைக்காகத் தவம் கிடப்பார்கள். ஆனால் மழை கொட்டி ஆறு பொங்கிவரும்போது தூண்டில் போட்டால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலும் அயர்லாந்திலும் மலையிலிருந்து விறுவிறுவென்று கடலுக்கு இறங்கிவிடும் சின்ன ஆறுகள் நிறைய உண்டு. மழையில்லாத வாரங்களில் பாறைகளுக்கு நடுவே கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஓடும். ஒரு கனமழை பெய்தால் சில மணி நேரத்தில் இடுப்பளவுக்கு ஏறும், ஓரிரு நாளில் மறுபடி இறங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தில் மீன் ஓடுவது ஒரு கட்டம், தூண்டிலைக் கவ்வுவது வேறு கட்டம். குழப்பமெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான்.

முதலில் மீன் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அட்லாண்டிக் சால்மன் ஆற்றில் பொரிந்து, சில ஆண்டுகள் அங்கேயே வளர்ந்து, பிறகு கடலுக்குப் போகிறது. அங்கே ஓரிரு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ தின்று கொழுத்துவிட்டு, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. கோடையில் ஆறு வற்றிக் கிடந்தால் முகத்துவாரத்தின் உப்புக் கலந்த தண்ணீரிலேயே நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். சீல் என்ற கடல் விலங்குகள் வேட்டையாடும் இடம் அது. இருந்தும் உள்ளே நுழையாது. முதுகு வெளியே தெரிகிற அளவுத் தண்ணீரில் ஏறுவது அதைவிட ஆபத்து.

மழை பெய்ததும் ஆற்று நீர் பெருக்கெடுத்துக் கடலுக்குள் நெடுந்தூரம் பரவுகிறது. அதோடு ஆற்றின் வாசனையும் போகிறது. சால்மன் தன் ஆற்றை மூக்கால்தான் அடையாளம் காண்கிறது என்பதை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் ஹாஸ்லரும் வாரன் விஸ்பியும் 1950களில் சோதித்துப் பார்த்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் இசாக்வா ஓடை இரண்டு கிளைகளாகப் பிரியும். இரண்டு கிளைகளிலும் ஏறியிருந்த கோஹோ என்ற பசிபிக் வகை சால்மன்களைப் பிடித்து, பாதி மீன்களுக்கு மூக்குத் துளைகளை அடைத்து, கிளை பிரியும் இடத்துக்குக் கீழே விட்டார்கள். மூக்கு திறந்திருந்தவை பெரும்பாலும் தங்கள் கிளைக்கே திரும்பின. அடைபட்டவை வழி தவறிச் சிதறின. பிற்பாடு 1970களில் ஹாஸ்லர் குழுவினர் குஞ்சுகளை மார்ஃபோலின் என்ற வேதிப்பொருள் கலந்த நீரில் பழக்கி மிச்சிகன் ஏரியில் விட்டார்கள். வளர்ந்த பிறகு, எந்த ஓடையில் மார்ஃபோலினைச் சொட்டவிட்டார்களோ அந்த ஓடையைத் தேடி அந்த மீன்கள் வந்தன. சின்ன வயதில் பதிந்த வாசனை அப்படி ஒட்டிக்கொள்கிறது.

மழை அடித்துக்கொண்டு வருவதெல்லாம் நல்லதாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. நார்வேயின் தெற்கு ஆறுகளில் அமில மழையால் சால்மன் இனமே அற்றுப்போன இடங்கள் உண்டு. அமில நீர் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்துக் கொண்டுவந்து செவுள்களைக் கெடுத்தது. இன்றும் அங்கே பல ஆறுகளில் சுண்ணாம்பு கலந்துதான் நிலைமையைச் சமாளிக்கிறார்கள். சியாட்டில் பக்கத்து ஓடைகளின் கதை இன்னும் விசித்திரம். இலையுதிர்கால மழையோடு ஏறிவரும் கோஹோக்கள் முட்டையிடும் முன்பே, சில மணி நேரத்தில் தள்ளாடிச் செத்துக்கொண்டிருந்தன. காரணம் 2020இல்தான் பிடிபட்டது. கார் டயர் ரப்பர் விரிசல் விடாமல் இருக்க 6பிபிடி என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது. சாலையில் தேய்ந்து விழுந்த டயர்த் துகளிலிருந்து மழை அதை ஓடைக்குக் கழுவிக்கொண்டுபோகிறது. அந்தத் தண்ணீரை மண்ணும் மணலும் மட்கும் கலந்த படுகை வழியாக வடியவிட்டால் மீன்கள் பிழைக்கின்றன என்பது, விஷத்தின் பெயர் தெரிவதற்கு முன்பே சோதனையில் தெரிந்திருந்தது.

சரி, ஆறு ஏறத் தொடங்கிவிட்டது. மீனுக்கு இப்போது மூன்று வசதிகள். ஆழம் கிடைக்கிறது. கலங்கல் நீரில் சீல், நீர்நாய் கண்ணில் படாமல் போகலாம். கோடையாக இருந்தால் மழைநீர் ஆற்றைக் குளிர்விக்கிறது, ஆக்சிஜனும் கூடுகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். 10 டிகிரியில் 11 மில்லிகிராமுக்கு மேல். எதிர்நீச்சல் போடும் மீனுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

அருவிகளைத் தாண்டுவதற்கும் ஆழம் வேண்டும். சால்மன் மூன்றரை மீட்டருக்கு மேல்கூடத் துள்ளும் என்பார்கள். ஆனால் வெறும் வலுவால் மட்டும் அது நடப்பதில்லை. அருவி விழும் மடு ஆழமாக இருந்தால், விழுந்த தண்ணீர் அடியில் மோதித் திரும்பி மேல்நோக்கிப் பொங்கும். மீன் அந்தப் பொங்கலில் ஏறி உந்திப் பாய்கிறது. மடு ஆழமில்லை என்றால் சின்ன அருவிகூடச் சுவர்தான். தண்ணீர் மிகக் குளிர்ந்திருந்தாலும் தசை ஒத்துழைக்காது. அதனால்தான் வசந்தத்தின் தொடக்கத்தில், நிறையத் தண்ணீர் ஓடியும், மீன்கள் அருவிக்குக் கீழேயே தங்கிக் கிடக்கும்.

வெள்ளத்தில் ஏறும் மீன் நட்டாற்றில் மல்லுக்கட்டுவதில்லை. தரையையும் கரையையும் ஒட்டி ஓடும் நீர், உராய்வினால் வேகம் குறைந்திருக்கும். அந்த மெதுவான பாதையைப் பிடித்துக்கொண்டுதான் போகும், சில நேரம் கரைப்புல்லை உரசுகிற அளவுக்கு. பெருவெள்ளத்தில் முழங்கால் வரை இறங்கி நின்று தூரமாக வீசுகிறவர் மீன் போகும் பாதையிலேயே நின்றுகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். ஆற்றில் நுழைந்த அட்லாண்டிக் சால்மன் சாப்பிடுவதே இல்லை. குடல் சுருங்கிவிடும், மாதக்கணக்கில் உடம்பிலுள்ள கொழுப்பையே எரித்துக்கொண்டிருக்கும். பிறகு எதற்காகத் தூண்டிலைக் கவ்வுகிறது? கடலில் இரை பிடித்த பழக்கம் என்கிறார்கள் சிலர், இடத்துக்குள் நுழைந்ததை விரட்டும் கோபம் என்கிறார்கள் சிலர், கண்முன் சட்டென்று கடப்பதைப் பிடிக்கும் அனிச்சை என்றும் சொல்வதுண்டு. எதுவாக இருந்தாலும் பசி இல்லை. பசியில்லாத மீனைக் கவ்வவைக்க அது ஓரிடத்தில் நின்றிருக்க வேண்டும், இரை அதன் கண்ணில் பட வேண்டும். எனக்குத் தெரிந்து மழைக்குப் பிந்தைய மீன்பிடிப்பின் மொத்தக் கணக்கும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

ஆறு ஏறும்போது இரண்டுமே கிடையாது. மீன் ஓட்டத்தில் இருக்கிறது. தண்ணீரில் மண், சருகு, புல், ஒடிந்த கிளை. போட்ட தூண்டிலில் இலைதான் சிக்கும். ஏறத் தொடங்கும் முதல் சில நிமிடங்கள் மட்டும் விதிவிலக்கு. மடுவில் பல நாளாகச் சோம்பிக் கிடந்த மீன்கள் அப்போது திடீரென்று விழித்துக்கொள்ளும்.

உச்சம் கடந்து வெள்ளம் வடியும்போது எல்லாம் மாறுகிறது. கனமான மணல் முதலில் படிகிறது, பிறகு நுண்ணிய வண்டல். தண்ணீர் குறையக் குறைய மீன்கள் ஓட்டத்தை நிறுத்தி மடுக்களில் தங்குகின்றன. விரைந்தோடும் பாறைச்சரிவில் ஏறிவந்த மீன், மேலே உள்ள மடுவின் கீழ்முனையில், தண்ணீர் வழுவழுவென்று சரிந்து இறங்கும் அந்த இடத்திலேயே சற்று நின்று மூச்சு வாங்கும். கடலிலிருந்து புதிதாக வந்து, புதிய இடத்தில், உஷாராக நிற்கும் இந்த மீன்தான் மற்ற எந்த மீனையும்விடச் சுலபமாகக் கவ்வும். அதே மீன் அதே மடுவில் இரண்டு வாரம் கிடந்தால் உடம்பு கறுத்து, மூக்குக்கு முன்னால் எதை ஆட்டினாலும் அசையாது.

ஆறு ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்டுபிடிக்க விவரமறிந்தவர்கள் ஒரு குச்சியைத் தண்ணீர் விளிம்பில் குத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். திரும்பி வரும்போது குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஈரமான கூழாங்கற்கள் தெரிந்தால் தூண்டிலை எடுத்துப் போடலாம். ஸ்காட்லாந்தில் சுற்றுச்சூழல் முகமையின் அளவுமானிகள் ஆற்று மட்டத்தை இணையத்தில் காட்டுகின்றன. வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறும், சாய்ந்து சாய்ந்து இறங்கும். பார்க்க வேண்டியது அந்தச் சாய்வை.

தெளிவிலும் இரண்டு வகை உண்டு. மண் கலங்கல் ஒளியைச் சிதறடிக்கிறது, அதில் மீனுக்கு எதுவுமே தெரியாது. கரிச்சதுப்பு நிலத்திலிருந்து வரும் தண்ணீரோ கடுந்தேநீர் நிறத்தில் இருந்தாலும் ஊடுருவிப் பார்க்க முடியும். அதிலுள்ள மட்கு அமிலங்கள் நீல ஒளியை விழுங்கிவிடுவதால் மிஞ்சுவது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. ஸ்காட்டிஷ் மீன்பிடிப்பவர்களின் பெட்டியில் முடியும் இறகும் கட்டிய ‘ஃப்ளை’ எனும் போலி இரைகள் செம்மஞ்சளிலும் மஞ்சளிலும் குவிந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். கறுப்பும் இருக்கும், அது நிழலுருவாகத் தெரியும் என்பதற்காக. வெள்ளம் கனத்திருக்கும்போது பித்தளைக் குழாயில் கட்டிய பெரிய ஃப்ளை, வடிய வடியச் சின்னது.

எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது ஆற்றைப் பொறுத்தது. டே, ட்வீட் மாதிரிப் பெரிய ஆறுகள் நாள்கணக்கில் வடியும். மேலே ஏரி இருந்தால் அது வெள்ளத்தைத் தேக்கி மெல்ல விடும். மேற்குக் கரைச் சின்ன ஆறுகளில் மொத்த வாய்ப்பே ஒரு மதியப்பொழுதாக இருக்கலாம். இதில் ஒரு சங்கடமும் உண்டு. ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிப்பது சட்டப்படி குற்றம். சனிக்கிழமை இரவு மழை பெய்தால், மறுநாள் ஆறு அருமையாகத் தெளிந்து வடிவதைக் கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.