பிளேஸ்மென்ட்: ஒரு சொல், மூன்று கணக்கு

பொறியியல் கலந்தாய்வு தொடங்கும் மாதங்களில், ‘கட்-ஆஃப் எவ்வளவு?’ என்பதற்கு அடுத்தபடியாக வீடுகளில் அதிகம் புழங்கும் கேள்வி ‘அந்தக் காலேஜ்ல பிளேஸ்மென்ட் எப்படி?’ என்பதுதான். நெடுஞ்சாலையோரப் பலகைகளும் அதற்கே பதில் சொல்கின்றன. மேலே கட்டடத்தின் படம், பக்கத்தில் தாளாளரின் படம், கீழே கொட்டை எழுத்தில் ‘100 சதவீத பிளேஸ்மென்ட்’. படித்தவருக்கு ஒரு கல்லூரி என்ன செய்தது என்பதை அளக்க, பொதுப்பேச்சில் நம்மிடம் இருக்கும் சொல் கிட்டத்தட்ட இது ஒன்றுதான். அதன் பொருள் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கல்லூரி ஒன்று சொல்லும், மாணவர் ஒன்று சொல்வார், வேலை கொடுக்கும் நிறுவனம் வேறொன்று சொல்லும்.

முதலில் வேர். ஆங்கிலத்தில் ‘பிளேஸ்’ என்றால் இடம். வினையாக வந்தால் ஓர் இடத்தில் வைப்பது. ‘மென்ட்’ என்பது வினையைப் பெயராக்கும் விகுதி, லத்தீன் வழி வந்தது. ஆக நேர்ப்பொருள் ‘இடத்தில் வைத்தல்’. ‘பிளேஸ்’ பழைய பிரெஞ்சு மொழி வழியாக லத்தீனின் ‘பிளாட்டேயா’விலிருந்து வந்தது, அகன்ற தெரு, திறந்த முற்றம் என்று அதற்குப் பொருள். அதற்கும் முந்தியது கிரேக்கத்தின் ‘பிளாட்டூஸ்’, அதாவது அகலமான, தட்டையான. இத்தாலியரின் ‘பியாத்சா’வும் ஸ்பானியரின் ‘பிளாசா’வும் இதே கொடிவழி. கிரேக்கச் சொல்லுக்குச் சமஸ்கிருதத்தில் ஓர் உறவு உண்டு: ‘ப்ருது’, அகன்றது. அதிலிருந்து ‘ப்ருத்வி’, அகன்று கிடக்கும் நிலம், தமிழில் பிருதிவி. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலைப் பிருதிவித் தலம் என்கிறோமே, அந்தப் பிருதிவியும் ஊரைச் சுற்றி எழுந்த பொறியியல் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட்டும் தூரத்துச் சொந்தம்! இந்தத் தகவலால் யாருக்கும் வேலை கிடைக்கப் போவதில்லை. சொல் விளக்கம் என்று வந்துவிட்டால் இதைச் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

ஆங்கிலம் பேசும் நாடுகளிலேயே இந்தச் சொல்லுக்கு ஒரே பொருள் கிடையாது. பிரிட்டனில் ஒரு மாணவர் ‘பிளேஸ்மென்ட்டில் இருக்கிறேன்’ என்றால், படிப்பின் நடுவில் ஒரு நிறுவனத்திலோ மருத்துவமனையிலோ பணிப்பயிற்சி பெறுகிறார் என்று அர்த்தம். அமெரிக்கக் கல்லூரியில் பிளேஸ்மென்ட் டெஸ்ட் என்பது, புதிதாகச் சேர்ந்தவரைக் கணக்கிலோ ஆங்கிலத்திலோ எந்த நிலை வகுப்பில் உட்கார வைப்பது என்று பார்க்கும் தேர்வு. இறுதியாண்டில் கல்லூரி வளாகத்துக்கே நிறுவனங்கள் வந்து ஆள் எடுப்பதை இந்தச் சொல்லால் குறிப்பதும், அதையே கல்லூரியின் தரத்துக்கு அடையாளமாக்கியதும் இந்தியாவில்தான் இவ்வளவு வேரூன்றியிருக்கிறது. ‘பிளேஸ் ஆயிட்டேன்’, ‘அவன் இன்னும் அன்பிளேஸ்டு’ என்று தமிழ் வினையோடும் பெயரோடும் ஒட்டி, இப்போது அது கேம்பஸ் தமிழாகவே ஆகிவிட்டது.

இனி ‘100 சதவீதம்’ என்ற கணக்கு. ஒரு துறையில் 180 பேர் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். நிறுவனங்கள் பெரும்பாலும் குறைந்தபட்ச மதிப்பெண் கேட்கும், அரியர் இருக்கக் கூடாது என்றும் சொல்லும். இதில் கழிந்தது போக 110 பேர் மிஞ்சுகிறார்கள். அவர்களிலும் மேற்படிப்பு, போட்டித் தேர்வு, சொந்தத் தொழில் என்று சிலர் ஒதுங்க, பிளேஸ்மென்ட் செல்லில் பெயர் கொடுத்தவர்கள் 95 பேர். அந்த 95 பேருக்கும் ஆஃபர் வந்துவிட்டது. இதை 100 சதவீதம் என்று பலகையில் போடலாம். சேர்ந்த 180 பேரை வைத்து 53 சதவீதம் என்றும் போடலாம். இரண்டிலும் கூட்டல் பிழை இல்லை. எதால் வகுத்தார்கள் என்பதுதான் வேறு. இன்னொரு வழியும் உண்டு: ஆட்களை விட்டுவிட்டு ஆஃபர்களை எண்ணுவது. ஒரே மாணவி மூன்று நிறுவனங்களில் தேர்வானால் அது மூன்றாகிவிடும்.

சம்பளமும் இப்படித்தான். ஐந்து பேருக்கு ஆண்டுச் சம்பளம் 3 லட்சம், 3.5 லட்சம், 3.5 லட்சம், 4 லட்சம், 36 லட்சம் என்று இருந்தால் சராசரி 10 லட்சம். அந்தப் பத்து லட்சத்தை அந்த ஐவரில் ஒருவர்கூட வாங்கவில்லை. வரிசையாக நிற்கவைத்து நடுவில் நிற்பவரைப் பார்த்தால் 3.5 லட்சம். இதைத்தான் நம் பள்ளிக் கணக்குப் புத்தகம் ‘இடைநிலை அளவு’ என்று கற்றுக்கொடுத்தது. மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த அந்தப் பாடம், பிள்ளைக்குக் கல்லூரி தேடும் நேரத்தில்தான் நிஜமாகவே உதவுகிறது.

மத்திய அரசின் தரவரிசை இந்த இடைநிலைச் சம்பளத்தைத்தான் கேட்கிறது. என்.ஐ.ஆர்.எஃப் என்று எல்லோரும் சொல்லும் தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு 2015-ல் அறிவிக்கப்பட்டு, 2016-ல் முதல் பட்டியல் வந்தது. அதன் ஐந்து பிரிவுகளில் ஒன்று, பட்டம் பெற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பது. பொறியியல் பட்டியலில் அந்தப் பிரிவுக்குள் 100 மதிப்பெண் என்றால், வேலைக்கும் மேற்படிப்புக்கும் போனவர்களுக்கு 40, இடைநிலைச் சம்பளத்துக்கு 25. ஆனால் தரவரிசை எண்ணை விட எனக்குப் பயனுள்ளதாகத் தெரிவது, அதற்காகக் கல்லூரி நிரப்பிக் கொடுக்கும் படிவம். அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, சேர்ந்தவர் எத்தனை, உரிய காலத்துக்குள் படித்து முடித்தவர் எத்தனை, வேலைக்குப் போனவர் எத்தனை, அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, மேற்படிப்புக்குப் போனவர் எத்தனை என்று வரிசையாக அதில் இருக்கும். கல்லூரியின் இணையதளத்தில் ஏதோ ஒரு மூலையில் பி.டி.எஃப் கோப்பாகக் கிடக்கும். பலகையில் உள்ள எண்ணையும் அதில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரி, அதுவும் கல்லூரியே கொடுக்கும் கணக்குதானே என்றால், ஆமாம். ஆனாலும் வகுக்கும் எண் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

1994-ல் தொடங்கிய, பெங்களூரில் இயங்கும் ‘நாக்’ என்ற தேசிய மதிப்பீடு, தரச்சான்று அமைப்பும் கல்லூரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும்போது பட்டதாரிகளின் வேலையையும் மேற்படிப்பையும் பார்க்கிறது. மாணவர், ஆசிரியர், வேலை தருவோர், முன்னாள் மாணவர் ஆகியோரிடம் கருத்துக் கேட்டீர்களா என்ற கேள்வியும் அதன் பட்டியலில் உண்டு. கேட்பதைக் கல்லூரியே கேட்டுத் தொகுத்துக் கொடுத்தால் அதில் குறை எவ்வளவு வெளியே வரும் என்பது வேறு விஷயம்.

இதே அளவையைச் சிங்கப்பூர் எப்படி எடுக்கிறது என்று பார்த்தால் நம் சொல்லின் குறை பளிச்சென்று தெரியும். அங்கே பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் சேர்ந்து நடத்தும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வு, இறுதித் தேர்வு முடிந்து ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து எடுக்கப்படுகிறது. கேள்வி பட்டதாரிக்குத்தான் போகிறது: இப்போது என்ன செய்கிறீர்கள்? முழுநேர நிரந்தர வேலை, பகுதிநேர அல்லது தற்காலிக வேலை, சொந்தமாகச் செய்யும் வேலை என்று பதில் பிரிகிறது. 2023 ஆய்வில், வேலைச் சந்தையில் இருந்தவர்களில் முழுநேர நிரந்தர வேலையில் இருந்தோர் 84.1 சதவீதம், 2024-ல் அது 79.5 ஆக இறங்கியது. இறங்கியதையும் வெளியிடுகிறார்கள். பலகையில் 100-க்குக் கீழே வராத ஊரிலிருந்து பார்க்கும்போது அதுவே ஒரு செய்தி. பிரிட்டனில் இன்னும் பொறுத்து, படிப்பு முடிந்து 15 மாதம் கழித்துக் கேட்கிறார்கள். முன்பு அங்கும் ஆறு மாதம்தான்; நிலையான வேலையில் அமர அது போதாது என்று மாற்றினார்கள்.

படிப்பவர், படித்து முடித்தவர், வேலை கொடுத்தவர் என்று மூன்று தரப்பையும் தனித்தனியாகக் கேட்பது ஆஸ்திரேலியா. அரசு நிதியில் நடக்கும் ‘கில்ட்’ (QILT) என்ற திட்டத்தில் படிக்கும் மாணவருக்கு ஒரு கருத்தாய்வு. படித்து முடித்து நான்கு முதல் ஆறு மாதத்தில் பட்டதாரிக்கு ஒன்று. மூன்றாண்டு கழித்து அதே பட்டதாரிக்கு இன்னொன்று. அப்புறம் அந்தப் பட்டதாரியின் நேரடி மேலாளரிடமும் கேட்கிறார்கள்: இவருக்கு அடிப்படைத் திறன் எப்படி, புதிய சூழலுக்கு ஒத்துப்போகிறாரா, மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறாரா, தொழில்நுட்ப அறிவு போதுமா? இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. மேலாளரின் தொடர்பு விவரத்தைப் பட்டதாரிதான் கொடுக்க வேண்டும். மேலாளரோடு ஒத்துப்போகாதவர் கொடுப்பாரா? அதனால் கிடைக்கும் பதில்கள் கொஞ்சம் இனிப்பாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பட்டதாரிகளிடம் கேட்கும் ஒரு கேள்வி எனக்குப் பிடித்தது: படித்த திறமை முழுவதும் இந்த வேலையில் பயன்படுகிறதா? வேலை கிடைத்ததா என்று கேட்டு முடித்துவிடாமல் இதுவரை வருகிறார்கள்.

இப்போது தமிழுக்கு வரலாம். செய்தித்தாள்களிலும் கல்லூரி அறிக்கைகளிலும் நான்கைந்து சொற்கள் ஓடுகின்றன. ‘வேலைவாய்ப்பு’ எல்லோருக்கும் புரியும். ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகம் தொடங்கி நாட்டின் பொருளாதாரம் வரை அது பரந்து நிற்கிறது. மேலும் வாய்ப்பு என்பது வேலை ஆகாது. (‘வேலை’ என்ற சொல்லே பழைய இலக்கியத்தில் கடல், கரை, பொழுது என்று வந்து, பிற்பாடுதான் உழைப்புக்குப் பெயரானது.) ‘வளாக நேர்காணல்’ அன்று நடந்த நிகழ்ச்சியை மட்டும் சொல்லும். ‘ஆள்சேர்ப்பு’ நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்ப்பது. இலங்கையில் புழங்கும் ‘தொழில்வாய்ப்பு’ம் வேலைவாய்ப்பின் உடன்பிறப்புதான்.

மிஞ்சுவது ‘அமர்’ என்ற வேரில் பிறந்த இரட்டை: பணியமர்த்தல், பணியமர்வு. அமர்த்துவது பிறவினை, செய்கிறவர் முதலாளி. அமர்வது தன்வினை, செய்கிறவர் பட்டதாரி. ஆங்கிலச் சொல்லில் இந்தப் பிரிவு கிடையாது. ‘இடத்தில் வைத்தல்’ என்றால் வைக்கிறவர் யாரோ, வைக்கப்படுகிறவர் ஒரு பொருள் மாதிரி. தமிழில் யார் செய்தார் என்பது வினையிலேயே தெரிந்துவிடுகிறது. இன்னொரு நயமும் உண்டு. அமர்தல் என்றால் உட்காருவது மட்டுமல்ல. ‘அமர்தல் மேவல்’ என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். மேவல் என்றால் விரும்புதல், பொருந்துதல். ‘அகனமர்ந்து செய்யாள் உறையும்’ என்ற குறளில் வருவதும் மனம் மகிழ்தல்தான். மனதுக்கும் படிப்புக்கும் பொருந்திய வேலையில் இருப்பதைச் சொல்ல இதைவிட நல்ல வேர் கிடைக்காது. ஆஸ்திரேலியப் படிவத்தின் அந்தக் கேள்வியை இந்த வினை ஏற்கெனவே உள்ளே வைத்திருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று இல்லை. நிறுவனங்கள் வந்து ஆள் எடுக்கும் நிகழ்ச்சிக்கு ‘வளாகத் தேர்வு’. அதில் கிடைக்கும் ஆஃபர் லெட்டர் ‘பணிவாய்ப்புக் கடிதம்’. அது வந்த கையோடு வேலை வந்துவிடாது. 2022-ல் பட்டம் முடித்த பலர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சேரும் தேதிக்காகக் காத்திருந்தார்கள். சேரச் சொல்லி வருவது ‘பணி நியமன ஆணை’; அரசுத் தமிழில் நெடுங்காலமாக இருப்பதுதான். சேர்ந்து, சில மாதம் கழித்தும் அந்த வேலையில் இருப்பது ‘பணியமர்வு’. பலகை எண்ணுவது பெரும்பாலும் இரண்டாவதை. வீட்டில் கேட்பது கடைசியை. பேச்சில் பிளேஸ்மென்ட் என்றே சொல்லிக்கொள்ளலாம், அதில் யாருக்கும் நட்டமில்லை. எண்ணோடு சேர்த்து எழுதும்போது மட்டும் பிரித்து எழுத வேண்டும். ‘வளாகத் தேர்வில் 95 பேருக்குப் பணிவாய்ப்புக் கடிதம் கிடைத்தது, அவர்களில் டிசம்பருக்குள் பணியமர்ந்தோர் 70 பேர்’ என்று எழுதினால், படிக்கிறவர் மேலே கேள்வி கேட்க வழி இருக்கிறது.

கிளைச்சொற்களும் இதிலிருந்தே வரும்: பணியமர்வுப் பிரிவு, பணியமர்வு அலுவலர், பணியமர்வு விழுக்காடு. ‘அன்பிளேஸ்டு’ என்பதற்கு மட்டும் நான் எதிர்ச்சொல் தரவில்லை. அந்த ஒற்றை முத்திரைக்குள் வேலை தேடுகிறவரும் இருக்கிறார், மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவரும் இருக்கிறார், டி.என்.பி.எஸ்.சி-க்கு நூலகத்தில் உட்கார்ந்து படிப்பவரும் இருக்கிறார், அப்பாவின் கடையை எடுத்து நடத்துகிறவரும் இருக்கிறார். அவர்களை அவரவர் செய்வதை வைத்தே தனித்தனியாக எண்ணி எழுதலாம்.