கவுண்ட் ஏறினால் என்ன பொருள்?

தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர், போடி பக்கமிருந்து விடியுமுன்னே ஜீப் ஏறி, மெட்டு என்ற மலைக்கணவாய் தாண்டிக் கேரளத்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களின் கையில் கீறலில்லாத நாள் குறைவு. அரிவாள் கீறும், அட்டை கடிக்கும், மிளகுக்கொடி படர்ந்த முள்முருங்கையின் முள் ஏறும். பெரும்பாலான குத்துகள் இரண்டு நாளில் மறந்துபோகும். ஒன்றிரண்டு மட்டும் மூன்றாம் நாள் விரலை வீங்கவைத்து, காய்ச்சலில் படுக்கவைக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் "கவுண்ட் பதினாறாயிரம், ஏறியிருக்கு" என்று சொல்வார்கள். கவுண்ட் என்பது கிருமியோடு சண்டையிடும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை. அது ஏறியது நல்லதா கெட்டதா என்பது அந்தச் சீட்டில் இருக்காது. முள் ஏறிய விரலுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும்.

முள் காலை ஒன்பது மணிக்குக் குத்தியதாக வைத்துக்கொள்வோம். தோலின் மேல் எப்போதும் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவில் ஒரு நூறு, முள்ளோடு உள்ளே போய்விட்டன. சூடும் சத்தும் கிடைத்தால் இவை அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும். தடுக்க ஆளில்லையென்றால், வீடு திரும்பி அடுப்பைப் பற்றவைக்கும் ஐந்து மணிக்குள் 16 முறை இரட்டித்து 65 லட்சத்தைத் தாண்டிவிடும். எத்தனை பேர் காவலுக்கு வருகிறார்கள் என்பதைவிட எப்போது வருகிறார்கள் என்பதுதான் இங்கே கேள்வி.

முதல் காவல் வெளியிலிருந்து வருவதில்லை. மேக்ரோபேஜ், மாஸ்ட் செல் என்ற இரண்டு வகை செல்கள் தோலுக்கடியிலேயே குடியிருக்கின்றன. பாக்டீரியாவின் சுவரில் உள்ள சில மூலக்கூறுகள் மனித உடம்பில் எங்கும் கிடையாது. அவற்றைத் தொட்டறியும் ஏற்பிகள் இந்தக் காவல் செல்களின் மேல் பிறவியிலேயே இருக்கின்றன. இந்த அறிதல் எப்படி நடக்கிறது என்று கண்டதற்காகவே 2011 மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதி புரூஸ் பாய்ட்லருக்கும் ஜூல் ஹோஃப்மனுக்கும் போனது. ஏற்பி தொட்டவுடன் மாஸ்ட் செல் ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. மேக்ரோபேஜ் சைட்டோகைன் என்ற செய்திப் பொருள்களை விடுகிறது. பக்கத்து ரத்தக்குழாய்கள் விரிகின்றன, விரல் சிவந்து சூடாகிறது. குழாய்ச் சுவரின் இணைப்பு தளர்ந்து நீர் கசிகிறது, வீங்குகிறது. வலியும் இதே பொருள்களின் வேலைதான். இவற்றில் பெரும்பகுதி பாக்டீரியா செய்ததல்ல, உடம்பே செய்துகொண்டது.

ரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்கள் இனித்தான் இறங்க வேண்டும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சிவப்பணு சுமார் 50 லட்சம் இருக்கும்; வெள்ளணு 4,000 முதல் 11,000 வரைதான். அதில் பாதிக்கு மேல் நியூட்ரோபில் என்ற வகை. இடுப்பெலும்பு, முதுகெலும்பு, நெஞ்செலும்பு ஆகியவற்றின் மஜ்ஜை இதை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி என்ற அளவில் உண்டாக்குகிறது. ரத்தத்துக்கு வந்த நியூட்ரோபில் பெரும்பாலும் ஒரு நாளைக்குள் முடிந்துபோகும். நினைவில்லாத, ஒருமுறை மட்டுமே சண்டையிடும் செல் இது. இது இல்லாத உடம்புக்குச் சிறு தொற்றும் உயிராபத்து.

ரத்த ஓட்டத்தின் வேகத்தில் போகும் ஒரு செல், முள் குத்திய இடத்தில் எப்படி நிற்கும்? சேதி எட்டிய குழாயின் உட்சுவர் செலக்டின் என்ற பசையுள்ள மூலக்கூறுகளை நீட்டுகிறது. புதர்ப் பாதையில் நடந்தால் சேலை ஓரத்தில் நாயுருவி ஒட்டி, இழுத்தால் விட்டு, மறுபடி ஒட்டுமே, அதே கதைதான். ஒட்டியும் விட்டும் நியூட்ரோபில் சுவரின் மேல் மெல்ல உருளத் தொடங்கும். வேகம் குறைந்ததும் இன்டெக்ரின் என்ற உறுதியான கொக்கிகள் பிடித்து நிறுத்துகின்றன. பிறகு அது தட்டையாகப் பரவி, இரண்டு சுவர் செல்களுக்கு நடுவிலுள்ள இடுக்கில் ஒரு காலைச் செருகி, உடம்பை நெளித்து வெளியே வருகிறது. நியூட்ரோபிலின் உட்கரு ஒரே உருண்டையாக இல்லாமல், மெல்லிய இழையால் கோத்த மூன்று நான்கு மணிகள்போல் இருப்பது இந்த நெளிவுக்கு உதவுகிறது. வெளியே வந்தபின் செய்திப் பொருளின் வாடை எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நகரும். வேகம் நிமிடத்துக்கு 10 மைக்ரான் அளவு. ஒரு தலைமுடியின் குறுக்களவைக் கடக்கவே ஏழெட்டு நிமிடம் ஆகிவிடும்.

சில குழந்தைகள் இன்டெக்ரின் கொக்கி பழுதாகிப் பிறக்கின்றன. அவற்றுக்குக் கவுண்ட் 50,000-கூடத் தாண்டும். ஆனால் புண்ணில் ஒரு சொட்டு சீழ் பிடிக்காது. இரண்டு வாரத்துக்குள் விழ வேண்டிய தொப்புள்கொடி மூன்று நான்கு வாரமாகியும் விழாது. ரத்தத்தில் வெள்ளணு குவிந்து கிடக்கும், காயத்துக்கு ஒன்றுகூடப் போய்ச் சேராது. கவுண்டைப் படிக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கம்பம்மெட்டு சோதனைச் சாவடியில் நின்று ஜீப்புகளை எண்ணினால் சாலையில் எத்தனை ஓடுகின்றன என்று தெரியும். தோட்டத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று தெரியாது. ரத்தம் சாலை மட்டுமே. வேலை நடப்பது திசுவில்.

சேர்ந்த இடத்தில் நடப்பது விழுங்கல். பாக்டீரியாவின் மேல் ரத்த நீரிலுள்ள காம்ப்ளிமென்ட் புரதமும், முன்பே இருந்தால் அந்தக் கிருமிக்கென்றே உடம்பு செய்த ஆன்டிபாடி என்ற புரதமும் படிந்திருக்கும். கையால் பிடிக்க முடியாத விலாங்குமீனின் மேல் சாம்பலைப் பூசுவதுபோல் இந்தப் படிவு பிடிமானம் கொடுக்கிறது. விழுங்கிய பாக்டீரியா ஒரு பைக்குள் அடைபடும். நொதிகள் நிறைந்த துகள்கள் வந்து அந்தப் பையோடு கலக்கும். அதே நொடிகளில் ஆக்சிடேஸ் என்ற நொதித் தொகுதி ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. மயலோபெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி அதையும் உப்பிலுள்ள குளோரைடையும் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் செய்கிறது. கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கரைந்ததும் கிருமியைக் கொல்வது இதே அமிலத்தால்தான். சீழ் சில நேரம் பச்சை பாய்ந்திருப்பதற்கும் மயலோபெராக்சிடேஸ் ஒரு காரணம், அதன் நிறமே பச்சை. ஆக்சிடேஸ் பழுதாகிப் பிறந்த குழந்தைகளுக்கு நியூட்ரோபில் வரும், விழுங்கும், ஆனால் கொல்ல முடியாது. கட்டி மேல் கட்டியாக வந்துகொண்டே இருக்கும்.

விழுங்கிக் கட்டுப்படாதபோது, நியூட்ரோபில் தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசி பாக்டீரியாவைச் சிக்கவைத்துவிட்டுச் சாவதும் உண்டு. இந்த வலை தெரியவந்தது 2004-இல்தான்.

செத்த நியூட்ரோபில்கள், செத்ததும் சாகாததுமான பாக்டீரியா, கரைந்த திசு எல்லாம் சேர்ந்த கூழ்தான் சீழ். உடம்பு அதைச் சுற்றி ஃபைப்ரின் என்ற புரதத்தால் வேலி கட்டுகிறது. வேலிக்குள் ரத்தக்குழாய் இல்லை. ஆகவே விழுங்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை நடுச்சீழுக்குச் சரியாகப் போய்ச் சேராது. பழுத்த கட்டியை மருத்துவர் கீறி வடிக்கிறார், மாத்திரையை மட்டும் நம்பி விடுவதில்லை என்றால் காரணம் இதுதான். வீட்டில் பிதுக்கினாலோ வேலி உள்பக்கம் உடைந்து, அடைபட்டது அக்கம்பக்கத்துக்குப் பரவும். மூக்கிலும் மேலுதட்டிலும் வந்த கட்டியைப் பிதுக்கவே கூடாது; அங்குள்ள சிரைகள் மண்டைக்குள் இருக்கும் சிரையோடு தொடர்புள்ளவை.

முள்ளின் முனை ஒடிந்து உள்ளே தங்கினால் கணக்கே மாறிவிடும். 1957-இல் எலெக், கோனன் என்ற இருவர் மனிதத் தோலில் செய்த சோதனை இதைக் காட்டியது: வெறும் தோலில் சீழ் பிடிக்கப் பல லட்சம் ஸ்டெஃபைலோகாக்கஸ் தேவைப்பட்டது; ஒரு பட்டுத் தையல் நூல் உள்ளே இருந்தால் சில நூறே போதுமானதாக இருந்தது. நூலோ முள்ளோ, விழுங்க முடியாத பொருளின் பிளவுக்குள் பாக்டீரியா பதுங்கிக்கொள்கிறது. வெள்ளணு அந்தப் பொருளோடு மல்லுக்கட்டித் தன் நொதியைச் சுற்றுத் திசுவில் கொட்டி வீணாகிறது. ஆகவே முனையை எடுக்காமல் பூசும் எந்த மருந்தும் பாதி வேலைதான். விழுங்கும் செல்களைப் பற்றி உலகம் அறிந்ததும் ஒரு முள்ளால்தான். 1882-இல் சிசிலியின் மெசினாவில் மெச்னிகாஃப் என்ற விலங்கியலாளர், கண்ணாடிபோல் தெளிவான நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலை உருப்பெருக்கியில் பார்த்தபோது நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. 1908 நோபல் பரிசு அவருக்கும் பவுல் எர்லிக்குக்கும் சேர்த்துக் கிடைத்தது.

விரலில் சண்டை நடக்கும்போதே டென்ட்ரிடிக் செல் என்ற இன்னொரு வகைக் காவல் செல்கள் பாக்டீரியாவின் துண்டுகளைச் சுமந்து நிணநீர்க் குழாய் வழியே அக்குளுக்குப் போய்ச் சேர்கின்றன. கையில் புண் வந்தால் அக்குளிலும், காலில் வந்தால் தொடை இடுக்கிலும் "நெறி கட்டுது" என்று நம் வீடுகளில் சொல்வது இந்த நிணநீர்க் கணு வீங்குவதைத்தான். அங்கே லிம்போசைட் என்ற லட்சக்கணக்கான வெள்ளணுக்களில் அந்தத் துண்டுக்குப் பொருந்தும் ஏற்பி உள்ளவை மட்டும் பெருகுகின்றன. லிம்போசைட்டில் டி, பி என்று இரண்டு பிரிவு முக்கியம். டி செல்களில் ஒரு வகை மற்றவற்றை ஏவும், இன்னொரு வகை கிருமி புகுந்த நம் செல்லையே கொல்லும். பி செல் பிளாஸ்மா செல்லாக மாறி நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடி சுரக்கும். முதல் தடவை இதற்கு ஒரு வாரமாவது பிடிக்கும். நினைவுச் செல்கள் தங்கியிருந்தால் அடுத்த தடவை இரண்டு மூன்று நாளில் முடியும்.

முள் குத்தினால் டெட்டனஸ் ஊசி போடச் சொல்வதும் இதனால்தான். டெட்டனஸில் ஆளைக் கொல்வது கிருமி விடும் நஞ்சு. நரம்பை அடைந்த நஞ்சை எந்த வெள்ளணுவும் எடுக்க முடியாது. அதற்கு முன் ஆன்டிபாடி பிடித்தால்தான் உண்டு. கொல்லப் போதுமான நஞ்சின் அளவோ மிகச் சிறியது, உடம்புக்கு நினைவைக்கூட உண்டாக்காது. அதனால் டெட்டனஸ் வந்து பிழைத்தவரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை மறுஊசி என்பது கணக்கு.

இனி ரத்தச் சீட்டைக் கையில் எடுக்கலாம். மொத்தக் கவுண்டைவிட அதன் கீழே உள்ள சதவீதங்கள் அதிகம் பேசும். 16,000-இல் நியூட்ரோபில் 85 சதவீதம் என்றால் 13,600, பாக்டீரியாவாக இருக்கலாம். இளம் நியூட்ரோபில்கள் கலந்திருந்தால் மஜ்ஜை இருப்பை அவசரமாக அனுப்புகிறது என்று பொருள். ஈசினோபில் என்ற இன்னொரு வகை வெள்ளணு 500-ஐத் தாண்டினால், வெறுங்காலோடு மண்ணில் நடப்பவருக்குக் கொக்கிப்புழு உண்டா என்று பார்க்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் நீளப் புழுவை எந்த செல்லும் விழுங்க முடியாது. ஈசினோபில் அதன் மேல் ஒட்டி நச்சுத் துகளைக் கொட்டுகிறது. டெங்குவில் கவுண்ட் ஏறாது, இறங்கும். புற்றுநோய் மருந்து எடுப்பவருக்கு 1,200 கவுண்டில் நியூட்ரோபில் 30 சதவீதம் என்றால் 360. 500-க்குக் கீழே காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. சீழ் பிடிக்கவும் ஆளில்லாத உடம்பு அது, புண் வெளியே அமைதியாகவே தெரியும்.

இரண்டு விஷயங்கள் இந்த எண்ணை ஏமாற்றும். முதலாவது, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து. நியூட்ரோபில்களில் ஏறக்குறைய பாதி எப்போதும் குழாய்ச் சுவரோரம் ஒதுங்கி நிற்கும், சாலையோரம் நிறுத்திய ஜீப்புபோல. ஸ்டீராய்டு உள்ளே போனதும் அவை சுவரை விட்டு நடுச்சாலைக்கு வந்துவிடும். கவுண்ட் ஏறும், திசுவில் இறங்குபவை குறையும். மூட்டுவலிக்கு என்று சீட்டில்லாமல் கடையில் வாங்கும் மாத்திரைக் கலவையில் இது இருந்தால், வலியும் வீக்கமும் தணிந்ததுபோல் தோன்ற, உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். என்ன மாத்திரை சாப்பிட்டோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது உயிர்க்காரியம்.

இரண்டாவது சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை ஏறிய நிலையில் நியூட்ரோபிலின் நகர்வும் விழுங்கலும் கொல்லலும் மந்தமாகின்றன. காலின் சிறு குழாய்கள் குறுகியிருப்பதால் வழியும் அடைபடுகிறது. உணர்வு மரத்திருப்பதால் முள் ஏறியதே தெரிவதில்லை. கவுண்ட் சரியாகவே இருக்கலாம், கால் அழுகலாம். கம்பூட்ஸைக் கழற்றியதும் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்ப்பது, கண் எட்டாத இடத்துக்குக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, சர்க்கரை உள்ளவருக்கு மாத்திரை அளவுக்கு முக்கியம்.

மெட்டு தாண்டினால் மலையாளத்தில் காய்ச்சலுக்குப் பெயர் பனி. எலிக்காய்ச்சல் அங்கே எலிப்பனி, உண்ணிக்காய்ச்சல் செள்ளுப்பனி. இந்தச் செள்ளுப்பனியில் கவுண்ட் பல நேரம் இயல்பாகவே இருந்துவிடும். புதரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பூச்சிக் குஞ்சு கடித்து ஓரியன்ஷியா என்ற பாக்டீரியாவை உள்ளே விடுகிறது. அது மேக்ரோபேஜுக்குள்ளும் குழாயின் உட்சுவர் செல்களுக்குள்ளும் புகுந்து, அடைத்த பையைக் கிழித்துக்கொண்டு செல்லின் நடுவுக்கே தப்பிவிடும். அமிலமும் நொதியும் கொட்டும் பையில் அது இல்லாததால் விழுங்கியும் பயனில்லை. அமாக்ஸிசிலின் வகை ஆன்டிபயாட்டிக்கும் பலிக்காது. டாக்ஸிசைக்கிளின் செல்லுக்குள் நுழையும், பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று பலருக்கு இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கடி, இடுப்பு நாடா இறுக்கும் இடம் எனத் துணி மறைக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் வரும், பெண்கள் காட்டத் தயங்குவார்கள். ஐந்து நாளாக விடாத காய்ச்சலோடு போகும்போது "புதர் வெட்டுற வேலை, ஏலக்காட்டுக்குப் போறேன்" என்று முதலிலேயே சொல்லி, அந்தப் பொருக்கு இருந்தால் அதையும் காட்டிவிட வேண்டும்.